அஞ்சல்தலையும் கடித உறையும்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வரலாற்றுக்கு ஒரு நுழைவாயில்

முன்னுரை

இக்கட்டுரையாளர் பத்து வயதுச் சிறுவனாகக் கிள்ளானை அடுத்த ரப்பர்த் தோட்டமொன்றில் வாழ்ந்த காலத்தில், பாட்டியின் தகரப் பெட்டியிலிருந்து பழைய கடிதக் கட்டு ஒன்று கைக்குக் கிடைத்தது. பள்ளியில் அஞ்சல்தலை சேகரிப்பு பரவியிருந்த நேரம் அது. உறைகளை ஒரு பேசினில் ஊறவைத்து, தலைகளைப் பிரித்தெடுத்து, நாளிதழின்மேல் உலர்த்தி, ஏட்டில் வரிசையாக ஒட்டியாயிற்று. நனைந்துபோன உறைகளும் மை கரைந்த கடிதங்களும் அடுப்புக்குப் போயின. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. "ஏன்யா, அந்தக் கவர்லதானே தாத்தா ஊரு வெலாசம் இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வியின் பொருள் பிற்காலத்தில்தான் விளங்கியது. தாத்தாவின் ஊர் எதுவென்று இன்று குடும்பத்தில் எவருக்கும் தெரியாது. "தஞ்சாவூர் ஜில்லா" என்ற அளவோடு நினைவு நின்றுவிட்டது. அந்தப் பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், பின்னர் 1997இல் திருவாரூரும், 2020இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. ஆகவே, குடும்ப நினைவில் எஞ்சியுள்ள அந்த ஒரு சொல் இன்றைய நான்கு மாவட்டங்களின் ஆயிரக்கணக்கான சிற்றூர்களைக் குறிக்கிறது. அன்று காப்பாற்றப்பட்ட தலைகள் இன்றும் ஏட்டில் உள்ளன. அவற்றின் சந்தை விலை மிகச் சொற்பம். எரிந்துபோன உறைகளுக்கோ விலை கூற இயலாது.

அஞ்சல்தலை சேகரிப்பு பொழுதுபோக்கு என்ற நிலையைக் கடந்து வரலாற்றுக் கல்விக்கு வழியாக அமையக்கூடும் என்பதை இக்கட்டுரை கிள்ளான் பள்ளத்தாக்குச் சான்றுகளைக் கொண்டு விளக்க முற்படுகிறது. அதனுடன், சேகரிப்பாளரின் நோக்கும் வரலாற்றாய்வாளரின் நோக்கும் மாறுபடும் இடத்தையும் சுட்டுகிறது. தலையை உறையிலிருந்து பிரிப்பதா, உறையோடு காப்பதா என்பதே அவ்விடம்.

கல்கத்தாவிலிருந்து வந்த தலைகள்

உலகின் முதல் ஒட்டு அஞ்சல்தலை 1840ஆம் ஆண்டு மே மாதம் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்தது. இந்தியா முழுமைக்குமான தலைகள் 1854இல் வெளியாயின. மலேசிய மாணவர்களுக்கு வியப்பளிக்கக்கூடிய செய்தி இங்கிருந்தே தொடங்குகிறது. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களிலும் 1854 முதல் 1867 வரை கடிதங்களில் ஒட்டப்பட்டவை இந்தியத் தலைகளே. நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட அப்பகுதி அப்போது கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டமையே இதற்குக் காரணம். தலை இந்தியத் தலையாக இருப்பினும், அதன்மேல் குத்தப்பட்ட முத்திரையின் எண்ணைக்கொண்டு கடிதம் எங்கிருந்து புறப்பட்டது என அறியலாம். ஆங்கில 'பி' எழுத்துடன் 109 என்றிருப்பின் மலாக்கா; 147 என்றிருப்பின் பினாங்கு; 172 என்றிருப்பின் சிங்கப்பூர்.

1867ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய நிருவாகத்திலிருந்து பிரிக்கப்பட்டு, இலண்டனின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட முடியாட்சிக் குடியேற்றமாயின. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான முதல் தலைகள் ஒன்பதும் புதிதாக வரையப்பட்டவை அல்ல. இந்தியத் தலைகளின்மேலேயே ஒரு மகுடமும் 'சென்ட்' மதிப்பும் மேலச்சிடப்பட்டன. அணாவில் விலை குறித்த தலை, வெள்ளிக் கணக்கு நடந்த ஊரில் சென்ட் விலைக்கு விற்கப்பட்டது. நாணயம், நிருவாகம், வணிகத் தொடர்பு ஆகிய மூன்றும் இந்தியாவைவிட்டு ஒரே நாளில் விலகிவிடவில்லை என்பதற்கு இந்தச் சிறு தாளே சான்று. காலனியாட்சி மாற்றத்தைப் பாடநூலில் ஒரு வரியாகப் படிக்கும் மாணவர், அணா எழுத்தும் சென்ட் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் காணும்போது அதனை மறப்பதில்லை.

புலியும் பள்ளிவாசலும்

சிலாங்கூர் மாநிலத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆட்சிமுறை 1874இல் தொடங்கிற்று. நிருவாகத் தலைமையிடம் 1880இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. 1886இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. இம்மாற்றங்களின் போக்கை மாநிலத்தின் தலைகளும் பின்பற்றி வந்துள்ளன. 1878இல் நீரிணைக் குடியேற்றத் தலையின்மேல் பிறையும் விண்மீனும் 'எஸ்' எழுத்தும் மேலச்சிட்டு வெளியிடப்பட்டதே சிலாங்கூரின் முதல் தலை. பின்னர், மாநிலத்தின் பெயர் முழுமையாக மேலச்சிடப்பட்டது. 1891இல்தான் சிலாங்கூருக்கெனத் தனி வடிவம் கொண்ட தலை வந்தது. அதில் இடம்பெற்றது புலி.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் 1896இல் கூட்டு மலாய் மாநிலங்களாக இணைக்கப்பட்டன. 1900 முதல் அக்கூட்டமைப்பின் பெயரில் தலைகள் வெளிவந்தன. சென்ட் மதிப்புத் தலைகளில் பாயும் புலியும், வெள்ளி மதிப்புத் தலைகளில் யானைக் கூட்டமும் காணப்பட்டன. ரப்பர் விலை உச்சம் தொட்ட 1910ஐ ஒட்டிய ஆண்டுகளிலும், கங்காணி முறையிலும் 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதியின் வாயிலாகவும் தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக வந்திறங்கிய காலத்திலும், தோட்டத்திலிருந்து ஊருக்குப் போன கடிதங்களில் ஒட்டப்பட்டது இந்தப் புலிதான். காடு அழிந்து புலி அருகிக்கொண்டிருந்த நிலத்தில், காட்டை அழித்து மரம் நட்ட கைகள் தலையில் இடம்பெறவில்லை.

1935இல் சிலாங்கூர் மீண்டும் தன் பெயரில் தலைகளை வெளியிட்டது. அவற்றில் கிள்ளான் அரண்மனைப் பள்ளிவாசலும் சுல்தான் சுலைமானின் உருவமும் இடம்பெற்றன. அதே 1935ஆம் ஆண்டில் இலங்கை வெளியிட்ட படத்தலைகளோடு இவற்றை ஒப்பிடுவது பயன் தரும். இலங்கையின் 2 சதத் தலையில் ரப்பர் மரம் சீவும் காட்சியும், அதே வரிசையின் மற்றொரு தலையில் கொழுந்து பறிக்கும் காட்சியும் உள்ளன. இலங்கை நேரடி முடியாட்சிக் குடியேற்றமாதலால், ஏற்றுமதிப் பண்டங்களைக் காட்டும் விளம்பரமாகத் தலைகளை அரசு கையாண்டது. மலாய் மாநிலங்களோ சட்டப்படி சுல்தான்களின் ஆட்சிக்குரிய பாதுகாப்பு நாடுகள். எனவே, அவற்றின் தலைகள் இறைமையின் அடையாளங்களை முன்னிறுத்தின எனக் கொள்ளலாம். எனினும், இலங்கைத் தலையில் காட்சியளித்ததனால் தோட்டத் தொழிலாளருக்கு உரிமை கிட்டிவிடவில்லை என்பதை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் காட்டிற்று. தலையில் இடம்பெறுவதும் நாட்டில் இடம்பெறுவதும் வெவ்வேறு.

இவ்வொப்பீட்டுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒரு வாழ்வியல் பின்னணியும் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் இரயில்வே, அரசுப் பணிகளின் பொருட்டுக் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழர்களின் இல்லங்களுக்கு இலங்கைத் தலை ஒட்டிய கடிதங்கள் வந்தன. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களுக்கு வந்தவை பெரும்பாலும் இந்தியத் தலை ஒட்டியவை. ஒரு வீட்டுச் சிறுவனின் ஏட்டைப் புரட்டினாலே அவ்வீட்டார் எவ்வழியாக இந்நாட்டுக்கு வந்தனர் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

மேலச்சுகள் கூறும் ஆட்சிமாற்றம்

1942ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. ஆட்சி மாறினாலும் அஞ்சலகங்களில் பழைய தலைகளே இருப்பில் இருந்தன. முதலில் அவற்றின்மேல் சப்பானிய இராணுவ நிருவாகத்தின் முத்திரை குத்தப்பட்டது. அதன்பின் 'டாய் நிப்பான் 2602 மலாயா' என ஆங்கில எழுத்தில் மேலச்சிடப்பட்டது. 2602 என்பது சப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கு. அதிலிருந்து 660ஐக் கழித்தால் 1942 வரும். சுல்தானின் உருவம் ஒன்று, அதன்மேல் வேற்றுப் பேரரசின் ஆண்டு ஒன்று என இரண்டு அதிகாரங்கள் ஒரே தாளில் மோதுவதை இங்குக் காணலாம்.

1943இல் சப்பானிய நிருவாகம் மலாயாவுக்கெனப் புதிய படத்தலைகளை வெளியிட்டது. ஈயம் எடுக்கும் தூர்வாரிக் கப்பல், கோலாலம்பூர்ப் பள்ளிவாசல் முதலியவற்றோடு ரப்பர் மரம் சீவும் காட்சியும் அவ்வரிசையில் இடம்பெற்றது. புலியும் யானையும் சுல்தான்களும் நிறைந்திருந்த தீபகற்பத் தலைகளில், அரை நூற்றாண்டுத் தோட்ட வாழ்வுக்குப் பின் பால்மரத் தொழில் இவ்வாறு நுழைந்தது.

அந்த ஆண்டை நினைவில் கொள்ளவேண்டும். 1943ஆம் ஆண்டிலேயே தோட்டத் தமிழர்கள் பெருந்தொகையாகச் சயாம்-பர்மா இருப்புப்பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து அனுப்பப்பட்ட தொழிலாளர் 70,000க்கும் மேற்பட்டோர் என்பதும், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழர் என்பதும், ஏறத்தாழப் பாதிப்பேர் திரும்பவில்லை என்பதும் பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடுகள். அப்பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. ஆக, மரம் சீவும் உருவம் தலையில் அச்சாகிக்கொண்டிருந்தபோது, மரம் சீவியவர்கள் சயாமின் காடுகளில் மடிந்துகொண்டிருந்தனர். கடல்கடந்த அஞ்சலும் அந்நாளில் நின்றுபோயிருந்தது. இந்தியாவிலிருந்து மலாயாவுக்கு எழுதப்பட்டு, சேவை இல்லை என்னும் குறிப்போடு அனுப்பியவருக்கே திருப்பப்பட்ட 1942ஆம் ஆண்டு உறைகள் இன்றும் சேகரிப்புகளில் காணப்படுகின்றன. ஒரு குடும்பத்தின் கடிதக் கட்டில் 1942 முதல் 1945 வரை ஒரு தாள்கூட இல்லாதிருப்பின், அவ்வெற்றிடமும் சான்றாகவே கொள்ளத்தக்கது.

இக்காலப் பகுதியைக் கற்பிக்கும்போது ஆசாத் ஹிந்த் தலைகளைப் பற்றிய கேள்வி வகுப்பில் எழுவதுண்டு. நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1943 சூலையில் சிங்கப்பூர் வந்ததும், அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிக அரசை அறிவித்ததும், மலாயாத் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்ததும் நம் மக்களின் நினைவில் ஆழப் பதிந்த செய்திகள். அவ்வரசின் பெயரால் செர்மனியில் தலைகள் அச்சிடப்பட்டது உண்மை. ஆனால், அவை அஞ்சலில் பயன்படுத்தப்படவில்லை. எனவே, அவற்றை அவ்வரசின் கனவுக்குச் சான்றாகக் கொள்ளலாமேயன்றி, இயங்கிய அஞ்சல் துறைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. அச்சான ஒன்றையும் வழங்கிய ஒன்றையும் வேறுபடுத்தி அறிவதே சான்றாய்வின் முதற்பாடம். இதன் தொடர்ச்சியாக வேறொரு தலையையும் மாணவர்க்குக் காட்டலாம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தலை 1947 நவம்பர் 21ஆம் நாள், வெளிநாட்டு அஞ்சலுக்கென, மூன்றரை அணா மதிப்பில் வெளியாயிற்று. மூவண்ணக் கொடியோடு அதில் பொறிக்கப்பட்டிருந்த தொடர் 'ஜெய் ஹிந்த்'. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தமிழ் வீரர்கள் முழங்கிய முழக்கம் அரசின் முத்திரையாக மாறி, வெளிநாட்டு அஞ்சலிலேறிப் புறப்பட்டது.

போருக்குப்பின் வந்த தலைகளில் 'பி.எம்.ஏ. மலாயா' என்னும் மேலச்சு காணப்படுகிறது; பிரிட்டிஷ் இராணுவ நிருவாகத்தைக் குறிப்பது அது. அந்நிருவாகம் 1946 மார்ச்சுடன் முடிவுற்று, ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியன் நிறுவப்பட்டது. ஆயினும், மலாயன் யூனியன் பெயரில் தலை எதுவும் வெளிவரவில்லை. இராணுவ நிருவாகத்தின் மேலச்சுத் தலைகளே 1948இல் மலாயாக் கூட்டரசு அமையும்வரை வழக்கில் நீடித்தன. மலாய் மக்களின் கடும் எதிர்ப்பால் இரண்டே ஆண்டுகளில் கைவிடப்பட்ட ஓர் அரசமைப்பு, தனக்கெனத் தலைகூட இல்லாமல் மறைந்தது.

விடுதலை ஆண்டான 1957 மே மாதத்தில் மலாயாக் கூட்டரசு தன் பெயரில் நான்கு தலைகளை வெளியிட்டது. அவற்றுள் 6 காசுத் தலையில் மரம் சீவும் காட்சி இடம்பெற்றது. 1968இல் கோலாலம்பூரில் நடைபெற்ற இயற்கை ரப்பர் மாநாட்டை ஒட்டி வெளியான தலைகளிலும் அக்காட்சி தொடர்ந்தது. புலிக்குப் பதிலாக உழைப்பு இடம்பிடித்தது வரவேற்கத்தக்கதே. என்றாலும், பெயரற்ற பண்பு உருவமாகவே தொழிலாளி அங்கு நிற்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் அறியத் தலையைவிட்டு உறைக்குத்தான் செல்லவேண்டும்.

எஞ்சியவை எவருடைய உறைகள்?

முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் தங்கியிருந்தபோது, ஸ்ட்ராண்டு வீதியில் அஞ்சல்தலைக் கடையொன்றின் பெட்டியில் பழைய மலாயா உறைகளைப் புரட்டும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. தமிழெழுத்து கண்ணில் பட்ட உறைகளைத் தனியே எடுத்து அடுக்கியபோது ஒன்று புலனாயிற்று. அவையனைத்தும் நகரத்தார் உறைகள். காரைக்குடி, தேவகோட்டை என முடியும் முகவரிகளும், பெயருக்கு முன் எழுத்துகளாக நீளும் விலாசங்களும் அதனைக் காட்டின. தோட்டத் தொழிலாளியின் உறை ஒன்றுகூட அவற்றுள் இல்லை.

இது அந்த ஒரு கடைக்கு மட்டும் உரிய நிலையன்று. மலாயா, பர்மா, இந்தோசீனா அஞ்சல் வரலாற்றைச் சேகரிப்போரிடையே 'செட்டியார் உறைகள்' என்பது நன்கறியப்பட்ட ஒரு வகை. காரணத்தை அறிவது எளிது. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கிலும் பிற ஊர்களிலும் கிட்டங்கி நடத்திய நகரத்தார், கணக்கேடுகளைப் போன்றே கடிதங்களையும் உறையோடு கட்டி வைத்தனர். செட்டிநாட்டு வீடுகளின் அறைகள் அவற்றைப் பல்லாண்டு காத்தன. பின்னர் அவை சந்தைக்கு வந்தன. லயத்து வீட்டின் ஓர் அறையில் குடும்பமே தங்கிய தொழிலாளிக்கு அத்தகைய இடமில்லை. தோட்டம் மாறும்போதும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோதும், நகரத்து மலிவு வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோதும் தகரப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

ஆகவே, இன்று கிடைக்கும் உறைகளை மட்டும் கொண்டு மலாயாத் தமிழரின் கடிதத் தொடர்பை எழுதுவோமாயின், அது வட்டிக்கடை வரலாறாகவே அமையும். சான்று எஞ்சும் முறையே ஒரு பக்கச் சாய்வை உண்டாக்கிவிடுகிறது. அச்சாய்வைச் சற்றேனும் சரிசெய்ய வேண்டுமாயின், இன்னும் சில வீடுகளில் எஞ்சியிருக்கும் தோட்டத்து உறைகளைத் தேடிக் காக்கவேண்டும்.

ஓர் உறையை வாசிக்கும் முறை

போருக்கு முந்திய தோட்டத்து உறையொன்று கிடைத்தால் அதில் காணத்தக்கவை யாவை? முன்பக்கத்து முகவரி முதற்சான்று. தோட்டத்து அஞ்சல் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்தே பிரித்தளிக்கப்பட்டது. ஆகவே, தோட்டத்தின் ஆங்கிலப் பெயருடன், கங்காணியின் பெயரோ கிராணியாரின் பெயரோ முகவரியில் சேர்ந்திருக்கக்கூடும். ஒருவரின் கடிதம் எவர் கை வழியாக வந்தது என்பது தோட்டத்து அதிகார அமைப்பை அறியத் துணைசெய்யும். கையெழுத்தும் கவனிக்கத்தக்கது. ஒரே கையெழுத்தில் பல குடும்பங்களுக்குக் கடிதம் வந்திருப்பின், ஊரில் எழுதத் தெரிந்த ஒருவர் பலர்க்காக எழுதினார் எனக் கொள்ள இடமுண்டு.

இரண்டாவது, முத்திரைகள். புறப்பட்ட ஊரின் அஞ்சலகமும் நாளும் தலையின்மேல் பாதியும் உறையின்மேல் பாதியுமாக விழுந்திருக்கும். தலையைப் பிரித்தெடுத்தால் இம்முத்திரை இரண்டாகக் கிழியும். ஊர்ப் பெயர் அழியும். பின்பக்கத்தில் வழியிலுள்ள அஞ்சலகங்களின் முத்திரைகளும் வந்துசேர்ந்த ஊரின் முத்திரையும் காணப்படலாம். இரு நாள்களையும் கழித்துப் பார்த்தால் கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது எனத் தெரியும். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் ஓடிய காலத்தில், ஊரில் நிகழ்ந்த சாவு எத்தனை நாள் கழித்துத் தோட்டத்தில் அழுகையாக ஒலித்தது என்பதை இக்கணக்கு நமக்குச் சொல்லும்.

மூன்றாவது, கட்டணக் குறிப்புகள். போதிய தலை ஒட்டப்படாத கடிதத்தில் ஆங்கில 'டி' எழுத்து முத்திரை குத்தப்பட்டு, பெறுபவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கப்பட்டது. அனுப்பியவரின் வறுமையையோ அறியாமையையோ, பெற்றவர் அதற்காகச் செலுத்திய காசையோ அம்முத்திரை காட்டும்.

நான்காவது, பெயர் மாற்றங்கள். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் என்றாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 15 முதல் இந்தியாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண் நடைமுறைக்கு வந்தது. எனவே, நாள் அழிந்துபோன உறையின் காலத்தைக் கணிக்க இவ்விரண்டும் உதவும். பழைய முத்திரைகளில் நாகப்பட்டினம் 'நெகபட்டம்' என்றும், தஞ்சாவூர் 'டாஞ்சூர்' என்றும் ஆங்கில வடிவில் இருப்பதையும் மாணவர்க்கு விளக்கவேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் இதனைச் செயல்படுத்தப் பெருஞ்செலவு தேவையில்லை. தலை ஒன்றைக் காட்டி நான்கு வினாக்களை எழுப்பலாம்: இதனை வெளியிட்டவர் யார்? எப்போது? இதில் காட்டப்பட்டது எது? அக்காலத்தில் இருந்தும் இதில் காட்டப்படாதது எது? நான்காம் வினாவே மாணவரை வரலாற்றுச் சிந்தனைக்கு இட்டுச் செல்லும். 1910ஆம் ஆண்டுப் புலித் தலையையும் 1957ஆம் ஆண்டு 6 காசுத் தலையையும் அருகருகே வைத்தால் இவ்வினாவுக்கு மாணவர்களே விடை கூறுவர். மலாக்காவில் உள்ள அஞ்சல்தலை அருங்காட்சியகத்துக்குக் கல்விப் பயணம் செல்லும் பள்ளிகள் இந்நான்கு வினாக்களையும் பயிற்சித் தாளாக எடுத்துச் செல்லலாம்.

உறைகளைப் பொறுத்தவரை, மாணவர் தத்தம் வீட்டு மூத்தோரிடம் பழைய கடிதங்கள் உள்ளனவா எனக் கேட்டறியச் செய்யலாம். கிடைத்தால் பின்பற்றவேண்டிய நெறிகள் சில: தலையைப் பிரிக்கலாகாது, ஒட்டுநாடா ஒட்டலாகாது, உறையையும் கடிதத்தையும் பிரித்து வைக்கலாகாது, இரு பக்கங்களையும் படமெடுத்து, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என மூத்தோர் கூறுவதைத் தனித்தாளில் எழுதி வைக்கவேண்டும். கடிதத்தின் உள்ளடக்கம் குடும்பத்துக்கு உரியது. கடனும் சண்டையும் திருமணப் பேச்சும் அதில் இருக்கும். ஆகவே, குடும்பத்தார் விரும்பாவிடில் உறையை மட்டும் படியெடுத்தல் போதுமானது. ஆசிரியர் இதில் அவசரம் காட்டலாகாது.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. தலைகளைப் பிரித்து, வகைப்படுத்தி, ஏட்டில் அழகுற அடுக்குவதில் சிறுவர்க்கு உண்டாகும் இன்பத்தை இவ்வறிவுரை கெடுத்துவிடாதா எனச் சேகரிப்பாளர் நண்பர் ஒருவர் வினவினார். வினா நியாயமானதே. இக்கட்டுரையாளர் வரலாற்றின்பால் ஈர்க்கப்பட்டதும் அந்த இன்பத்தினாலேதான். இன்றைய வணிக உறைகளிலும் மலிவாகக் கிடைக்கும் கலவைப் பொதிகளிலும் உள்ள தலைகளைச் சிறுவர் தாராளமாக ஊறவைக்கலாம். பாட்டியின் பெட்டியிலிருந்து வந்ததை மட்டும் ஊறவைக்கலாகாது. இவ்வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் அருகில் இருந்தால் போதும்.

முடிவுரை

அஞ்சல்தலை ஆட்சியாளர் தம்மைப் பற்றிக் கூற விரும்பியதைக் காட்டுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தலைகளை வரிசைப்படுத்தினால் இந்திய நிருவாகம், ரெசிடெண்ட் ஆட்சி, கூட்டமைப்பு, சப்பானியர் காலம், இராணுவ நிருவாகம், விடுதலை என நூறாண்டு ஆட்சி வரலாறு கிடைக்கும். அவ்வரலாற்றில் தமிழர் பெரும்பாலும் காணப்படுவதில்லை. காணப்படும் இடத்தும் பெயரற்றவராகவே உள்ளனர். பெயரும் ஊரும் நாளும் உறையில் உள்ளன. கடிதம் எழுதும் வழக்கமே மறைந்துவரும் இந்நாளில், எஞ்சியுள்ள உறைகள் இனிப் பெருகப்போவதில்லை, குறையவே செய்யும். அவற்றை வைத்திருக்கும் மூத்தோர் நம்மிடையே இருக்கும்போதே ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் இப்பணியை மேற்கொள்ளவேண்டும்.

அன்று ஊறவைத்துப் பிரித்த தலைகளுள் ஒன்றில் முத்திரையின் வலப்பாதி மட்டும் தெளிவாக உள்ளது. அதில் 'குடி' என முடியும் ஆங்கில எழுத்துகள் தெரிகின்றன; ஊர்ப் பெயரின் முற்பகுதி உறையோடு போயிற்று. பழைய தஞ்சை மாவட்டத்தில் 'குடி' என முடியும் ஊர்களின் பட்டியலொன்றை இக்கட்டுரையாளர் தயாரித்து வருகிறார். அது ஏற்கெனவே பல பக்கங்களுக்கு நீண்டுவிட்டது.